சாம்பியன் டீம் ஏன் மூன்று ஆட்டம் தோற்றது: மாமாவுக்கு ஒரு கடிதம்

ஸ்டோர்ஸ், கனெக்டிகட்
16 டிசம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்கள், அத்தை, அம்மாச்சி எல்லோரும் நலமா? அம்மாச்சியிடம் சொல்லுங்கள், காதை மூடாமல் நான் வெளியே போவதே இல்லை. சாப்பாட்டுக்கும் குறையில்லை. புளி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அம்மா அனுப்பிய பருப்புப்பொடி இன்னும் இருக்கிறது.

போன கடிதத்தில் படிப்பைப் பற்றி ஒரு வரி கேட்டுவிட்டு, மீதி முழுக்க எங்கள் பல்கலைக்கழக பாஸ்கெட்பால் டீமைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். "இரண்டு வருஷம் சாம்பியன் ஆன டீம் எப்படியம்மா வரிசையாக மூன்று ஆட்டம் தோற்கும்?" என்று. இதே கேள்வியைத்தான் இந்த ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. படிப்பு நன்றாகப் போகிறது. இனி பாஸ்கெட்பாலுக்கு வருகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். ஸ்டோர்ஸ் ஒரு கிராமம். 1881இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது இந்தக் கனெக்டிகட் பல்கலைக்கழகம், சுருக்கமாக யூகான். இன்றும் வளாகத்துக்குள்ளேயே மாட்டுத் தொழுவம் இருக்கிறது, அந்தப் பாலில் செய்த ஐஸ்கிரீமை இங்கேயே ஒரு கடையில் விற்கிறார்கள். டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அப்புறம் போக்கிடம் என்று ஒன்று உண்டென்றால் அது கேம்பல் பெவிலியன். 1990இல் கட்டிய குவிமாட அரங்கம், சுமார் 10,000 பேர் உட்காரலாம். யூகான் ஆண்கள் அணி இதுவரை ஆறு முறை தேசியப் பட்டம் வாங்கியிருக்கிறது, கடைசி இரண்டும் 2023, 2024 என்று அடுத்தடுத்து. மூன்றாவது முறையும் வாங்கினால் அது பெரிய சங்கதி. கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகம் 1967 முதல் 1973 வரை தொடர்ந்து ஏழு வாங்கியதற்குப் பிறகு, வரிசையாக மூன்று யாரும் வாங்கியதில்லை.

இந்த ஆசையோடுதான் நவம்பர் கடைசியில் டீம் ஹவாய் தீவுகளில் உள்ள மௌயிக்குப் போனது. அங்கே வருஷாவருஷம் எட்டு அணிகள் ஆடும் ஒரு போட்டி உண்டு. லஹைனா என்ற ஊரில், 2,400 பேர் மட்டுமே உட்காரக்கூடிய சின்ன அரங்கம். 2023 ஆகஸ்டில் அந்த ஊர் தீப்பிடித்து எரிந்ததால் போன வருஷம் போட்டியை ஹொனலுலுவுக்கு மாற்றினார்கள். இந்த வருஷம்தான் மறுபடி லஹைனாவுக்கே வந்திருக்கிறது. யூகான் அங்கே போகும்போது நாட்டில் இரண்டாம் இடத்தில் இருந்தது.

திங்கட்கிழமை மெம்ஃபிஸோடு ஆட்டம். ஓவர்டைம் வரை போய் 99-97 என்று தோல்வி. ஓவர்டைமில் ஸ்கோர் சமமாக, ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக இருக்கும்போது யூகான் பையன் மீது ரெஃப்ரி ஃபவுல் கொடுத்தார். கோச் டான் ஹர்லி நம்ப முடியாதவர் மாதிரி தரையில் மல்லாந்து விழுந்தார். அந்த நடத்தைக்காக ரெஃப்ரி டெக்னிக்கல் ஃபவுலும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். மெம்ஃபிஸ் பையன் நான்கு ஃப்ரீ த்ரோவையும் பிசகாமல் போட்டான். பெரியகுளம் போட்டியில் நீங்கள் கேலரியிலிருந்து ரெஃப்ரியைத் திட்டுவீர்களே, அதற்கு யாரும் பாயிண்ட் கழிக்க மாட்டார்கள். இவர் கோர்ட் ஓரத்தில் நிற்கிற கோச்! என்பிஏ என்ற தொழில்முறை லீக்கில் ஆடும் லேக்கர்ஸ் அணி வந்து கூப்பிட்டும் போகாமல் இங்கேயே இருந்தவர் என்பதால் ஊரில் அவர் மீது யாருக்கும் கோபம் வரவில்லை. எனக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை கொலராடோவிடம் 73-72, கடைசி நொடிகளில் விழுந்த ஒரு கூடையால். சரி, இரண்டும் நூலிழையில் போனது என்று மனதைத் தேற்றிக்கொண்டால், புதன்கிழமை டேட்டனிடம் 85-67. பதினெட்டுப் பாயிண்ட் வித்தியாசத்துக்கு எந்த ரெஃப்ரியைக் குறை சொல்வது? அடுத்த பட்டியலில் இரண்டாம் இடத்திலிருந்து 25ஆம் இடத்துக்கு இறக்கிவிட்டார்கள்.

காரணம் கேட்டீர்கள். ஏப்ரலில் பட்டம் வாங்கிய அணியில் ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து பேரில் நான்கு பேர் இப்போது என்பிஏவுக்குப் போய்விட்டார்கள். கேஸில், க்ளிங்கன், நியூட்டன், ஸ்பென்சர். மிச்சம் இருப்பது கராபன் ஒருவர்தான், டேட்டன் ஆட்டத்தில் அவரும் அடிபட்டு வெளியே. க்ளிங்கன் ஏழடி இரண்டு அங்குலம். அவர் கூடைக்குக் கீழே நின்றால், முன்னால் ஆடுபவர்கள் கொஞ்சம் ஏமாந்தாலும் பரவாயில்லை, பின்னால் சமாளித்துவிடுவார். இப்போது ஏமாந்தால் உடனே கையைப் பிடித்து இழுத்து ஃபவுல் வாங்குகிறார்கள். எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

இதில் உங்களுக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. இப்போதெல்லாம் ஆட்டக்காரர்கள் வருஷா வருஷம் கல்லூரி மாறலாம். 2021 முதல் விளம்பரப் பணமும் சட்டப்படி வாங்கலாம். அதனால் ஒவ்வொரு நவம்பரிலும் பாதி டீம் புதுசு. கடாரி ரிச்மண்ட் என்பவர் போன வருஷம் சீட்டன் ஹாலுக்கு ஆடினார், இந்த வருஷம் பக்கத்து எதிரியான செயின்ட் ஜான்ஸுக்கு ஆடுகிறார். ஐசிஎஃப் ஆட்டக்காரர் ஐஓபிக்குப் போனதற்கே நீங்கள் ஒரு மாதம் புலம்பியவர்.

மூன்று தோல்விக்கு ஏன் இவ்வளவு துக்கம், சீசனே இப்போதுதானே தொடங்கியது என்று நினைப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். யூகான் இருக்கும் குழுவுக்குப் பெயர் பிக் ஈஸ்ட், இவர்கள் பாஷையில் ஒரு கான்ஃபரன்ஸ். மொத்தம் 11 கல்லூரிகள். யூகான் மட்டும்தான் அரசுப் பல்கலைக்கழகம், மற்ற எல்லாம் தனியார், அதிலும் பெரும்பாலும் கத்தோலிக்கக் கல்லூரிகள். ஸேவியர், க்ரெய்ட்டன், ஜார்ஜ்டவுன், மார்கெட் நான்கும் யேசு சபையார் நடத்துவது. நீங்கள் படித்த திருச்சி செயின்ட் ஜோசப்ஸை நடத்தும் அதே சபை. ஆக, உங்களுக்கு இந்தக் குழுவில் பங்காளிகள் உண்டு.

நவம்பர், டிசம்பர் பாதி வரை இவர்கள் வெளி அணிகளோடு ஆடுவார்கள். அதற்குப் பிறகு மார்ச் வரை தங்களுக்குள்ளேயே, ஒவ்வொருவரோடும் இரண்டு முறை, மொத்தம் 20 ஆட்டம். மார்ச் நடுவில் தேசியப் போட்டிக்கு 68 அணிகளை எடுப்பார்கள். கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கு இடம் நிச்சயம். மற்றவர்களை ஒரு தேர்வுக் குழு உட்கார்ந்து முடிவு செய்யும். அவர்கள் பார்ப்பது எத்தனை ஜெயித்தாய் என்பதை மட்டுமல்ல, யாரை, எங்கே ஜெயித்தாய் என்பதையும்தான். தங்களுக்குள் ஆடி ஜெயிப்பது, ஒரே வீட்டில் ஒருவர் சட்டைப்பையிலிருந்து இன்னொருவர் சட்டைப்பைக்குப் பணம் போவது மாதிரி. ஒருத்தருக்கு வெற்றி என்றால் இன்னொருத்தருக்குத் தோல்வி. குழு மொத்தத்துக்கும் மதிப்பு வெளியிலிருந்து வருவது இந்த ஆறு வாரத்தில்தான். அப்போது கோட்டைவிட்டால் ஜனவரியில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பெரிதாக ஏறாது.

போன மார்ச்சில் இது நிஜமாகவே நடந்தது. 11 அணிகளில் மூன்றை மட்டும் எடுத்தார்கள். சீட்டன் ஹால் குழுவுக்குள் 13 ஜெயித்து 7 தோற்றும் இடம் இல்லை. கோபத்தோடு இரண்டாம் நிலைப் போட்டிக்குப் போய், அதன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதனால் இந்த வருஷம் நவம்பரிலிருந்தே எல்லோரும் மற்ற பத்துப் பேரின் ஸ்கோரையும் எட்டிப் பார்க்கிறார்கள். என் லேபில் க்ரெய்ட்டனில் படித்த ஒமாஹா பெண் ஒருத்தி இருக்கிறாள். டிசம்பர் பாதி வரை அவள் டீம் ஜெயிக்க நானும், யூகான் ஜெயிக்க அவளும் கும்பிட்டுக்கொள்வோம். இந்த வாரத்திலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

அவளுடைய க்ரெய்ட்டன்தான் இந்த சீசனில் எனக்குப் புரியாத டீம். முதல் ஆட்டத்திலேயே அவர்களுடைய நெட்டையன் கால்க்ப்ரென்னர் 22 முறை எறிந்து 20 உள்ளே போட்டு, 49 பாயிண்ட் எடுத்தார். அடடா என்று வாயைப் பிளந்தோம். அப்புறம் சொந்த ஊரிலேயே நெப்ராஸ்காவிடம் தோல்வி, லாஸ் வேகஸ் போய் முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. முடிந்தது கதை என்று அந்தப் பெண் லேபில் யாரோடும் பேசாமல் இருந்தாள். டிசம்பர் 4ஆம் தேதி அதே க்ரெய்ட்டன், நாட்டின் முதலிடத்தில் இருந்த கான்ஸஸை 76-63 என்று அடித்தது! பாப் ஐஸக்ஸ் 27 பாயிண்ட். அந்த சந்தோஷம் ஆறுவதற்குள் ஐஸக்ஸுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை, இந்த சீசன் முழுக்க இல்லை என்று செய்தி. பாவம்.

நிதானமாக ஆடுவது மில்வாக்கியில் உள்ள மார்கெட் மட்டும்தான். அவர்களும் இரண்டு நல்ல ஆட்டக்காரர்களை என்பிஏவுக்குக் கொடுத்தவர்கள். ஆனால் கோச் ஷாகா ஸ்மார்ட் வெளியிலிருந்து மாறி வருகிறவர் ஒருவரைக்கூட எடுக்கவில்லை. இருக்கும் பையன்களை வளர்த்தே ஆடுகிறார். மேரிலாந்து, பர்ட்யூ, விஸ்கான்சின் மூன்றையும் ஜெயித்தார்கள். பர்ட்யூ யாரென்றால், ஏப்ரல் இறுதி ஆட்டத்தில் யூகானிடம் தோற்றவர்கள். இந்த சீசனில் பர்ட்யூவை ஜெயித்த ஆட்டத்தில் மார்கெட்டின் காம் ஜோன்ஸ் 17 பாயிண்ட், 13 ரீபவுண்டு (தவறிய எறிதலில் பந்தைப் பிடிப்பது), 10 அசிஸ்ட் (மற்றவர் கூடை போடப் பந்து கொடுப்பது). ஒருவருக்கொருவர் பழகிய டீம் நவம்பரில் எப்படி ஆடும் என்று பார்க்க இவர்களைத்தான் பார்க்க வேண்டும். 9 வெற்றி, 2 தோல்வி. அதில் ஒரு தோல்வி சனிக்கிழமை டேட்டனிடம். ஆமாம், நம்மை மௌயியில் அடித்த அதே டேட்டன்.

நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸுக்கு ரிக் பிட்டினோ கோச். வயது 72, கோர்ட் ஓரத்தில் இன்னும் கத்துகிறார். பஹாமாஸில் பேய்லரிடம் இரண்டு ஓவர்டைம் ஆடி 99-98 என்று கடைசி எறிதலில் தோற்றார்கள். அந்த அணி விரட்டி விரட்டித் தடுப்பதைப் பார்த்தால், எனக்கென்னவோ பிப்ரவரியில் எல்லோரும் இவர்களுக்குத்தான் பயப்படுவார்கள் என்று தோன்றுகிறது.

வில்லனோவாதான் வருத்தம். 2016, 2018 இரண்டிலும் தேசியப் பட்டம் வாங்கியவர்கள், இப்போது நவம்பர் முதல் வாரத்திலேயே சொந்த ஊரில் கொலம்பியாவிடம் 90-80. கொலம்பியா ஐவி லீக் கல்லூரி, விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே தராத இடம். எரிக் டிக்ஸன் ஒருவர் மட்டும் பாயிண்ட்டாகக் குவிக்கிறார், என்ன பிரயோஜனம். இந்தப் பக்கம் சிகாகோவின் டிபால், போன வருஷம் குழுவுக்குள் ஆடிய 20 ஆட்டத்திலும் தோற்றது, இந்த வருஷம் புது கோச்சோடு முதல் 7 ஆட்டத்தையும் ஜெயித்தது. சாதாரண அணிகளோடுதான். இருந்தாலும் அவர்கள் ஊரில் தெருவில் தலை நிமிர்ந்து நடந்திருப்பார்கள்.

நம் கதைக்கு வருகிறேன். மௌயியிலிருந்து திரும்பி வந்த பிறகு டிசம்பர் 4 அன்று பேய்லர் இங்கே கேம்பலுக்கு வந்தது. மாணவர் பகுதியில் எனக்கும் இடம் கிடைத்தது. உட்கார நாற்காலி இருக்கிறது, ஆனால் யாரும் உட்காருவதில்லை. பேண்டு வாசிக்கிறது, ஜொனதன் என்ற நிஜ ஹஸ்கி நாய் வந்து போகிறது, எதிரணி ஃப்ரீ த்ரோ எறியும்போது காது கிழிகிறது. 76-72 என்று ஜெயித்தோம். கடைசி ஐந்து நிமிஷம் ஆட்டத்தை நான் முன்னால் நின்றவர்களின் தோள் இடுக்கில்தான் பார்த்தேன். நான்கு நாள் கழித்து ஆஸ்டினில் டெக்ஸஸை 76-65. நேற்று முன்தினம் நியூயார்க் மேடிஸன் ஸ்கொயர் கார்டனில் கொன்ஸாகாவை 77-71, அதில் முதலாம் ஆண்டுப் பையன் மெக்நீலி 26 பாயிண்ட். இப்போது 8 வெற்றி, 3 தோல்வி.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முன்னால் நின்று தடுப்பது இன்னும் ஓட்டைதான். பந்தைத் தட்டிக்கொண்டு வரும் வேகமான கார்டு ஒருவர் வந்தால் யூகான் திணறுகிறது. பட்டம் மூன்றாவது முறை வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை இங்கே வாய்விட்டுச் சொல்ல முடியாது, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இத்தனை கலவரத்தில் பெண்கள் அணியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் கவலைப்பட எதுவும் இல்லை. நவம்பர் 20 அன்று அவர்களுடைய கோச் ஜீனோ ஆரியம்மா தன் 1,217ஆவது வெற்றியைப் பெற்றார். ஆண், பெண் இரண்டு பக்கத்திலும் கல்லூரி பாஸ்கெட்பாலில் இதுவரை யாருக்கும் இல்லாத எண்ணிக்கை. பேய்ஜ் பெக்கர்ஸ் என்ற பெண்ணின் ஆட்டத்தை யூட்யூபில் தேடிப் பாருங்கள். நம் பள்ளி டீமுக்கு அவள் பந்து கொடுக்கிற விதத்தைக் காட்டினால் போதும், பிடி சார் எத்தனை விசில் ஊதினாலும் வராதது வந்துவிடும்.

புதன்கிழமை ஸேவியருடன் ஆட்டம், குழுவுக்குள் எங்களுக்கு முதல் ஆட்டம். அடுத்த கடிதத்தில் அதை எழுதுகிறேன். பெரியகுளத்தில் மே மாதப் போட்டிக்கு யார் யார் வருகிறார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள். இந்தியன் வங்கி அணி இந்த வருஷம் எப்படி இருக்கிறது? புளி அனுப்புவதானால் கொட்டை எடுத்து, நன்றாகக் காயவைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அத்தைக்கும் அம்மாச்சிக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
தேன்மொழி