முதல் மான் ரைஃபிளுக்கு மேக்னம் எதுக்குங்க?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மான் சீசனுக்கு புதுசா ரைஃபிள் வாங்குறவங்களுக்குன்னு உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். தமிழ்ல இதப் பத்தி எழுத ஆளே இல்லாத நேரத்துல எழுதினதுக்கு முதல்ல நன்றி. ஆனா கட்டுரையோட முடிவுல, கொஞ்சம் காசு கூட போனாலும் .300 வின்செஸ்டர் மேக்னம், அதாவது மருந்து கூட அடைச்ச பெரிய தோட்டா போடுற ரைஃபிள், வாங்கிட்டா ஆயுசுக்கும் கவலையில்லன்னு போட்டிருக்கீங்களே, அத அப்படியே விட எனக்கு மனசு வரல, ஏன்னா ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகுற இடம்) புதுசா வர்றவங்களுக்கு பக்கத்துல நின்னு சொல்லிக்குடுக்குறவன் நான், பெரிய கேலிபர (தோட்டாவோட அளவு) தூக்கிட்டு வர்றவங்க எப்படி சுடுறாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன், இது வேட்டைக்கு லைசென்ஸ் குடுக்குற நாடுகள்ல இருக்குற வாசகர்களுக்கு மட்டும் தான். இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், அங்க இந்த பேச்சுக்கே இடம் இல்ல.

மேக்னத்தோட பிரச்சனை அதோட உதை தான். ஒரே எடை உள்ள ரைஃபிள்னு வச்சுப் பாத்தா .308 வின்செஸ்டர விட .300 மேக்னம் சுமார் ஒன்றரை மடங்கு உதைக்கும், .243 வின்செஸ்டர் அந்த .308-ல கிட்டத்தட்ட பாதி தான் உதைக்கும். விலை கம்மியான ரைஃபிள் எல்லாம் தோள்ல வைக்கிற கட்டைய, அதாவது ஸ்டாக்க, பிளாஸ்டிக்ல போட்டு எடைய வேற குறைச்சிருப்பாங்க, துப்பாக்கி லேசாக லேசாக தோள்ல விழுற அடி ஜாஸ்தியாகும். ரெண்டு மூணு தடவ அடி வாங்கின உடனே உடம்பு பயந்துக்கும், அடுத்த தடவ ட்ரிகர தொடுறதுக்கு முன்னாடியே கண்ணு மூடிக்கும், தோள் சுருங்கிக்கும், விரல் வெடுக்குன்னு இழுத்துடும், குண்டு எங்கயோ போய்டும். இது சுடுறவங்களுக்கே தெரியாது, துப்பாக்கி சரியில்லன்னு தான் சொல்லுவாங்க. நான் என்ன செய்வேன்னா மேகஸின்ல (தோட்டா அடுக்குற பெட்டி) தோட்டாங்களுக்கு நடுவுல ஒரு டம்மி தோட்டாவ அவங்களுக்கு தெரியாம சேத்துடுவேன், அது வந்து வெடிக்காம கிளிக்னு நிக்கிறப்ப பேரல் எப்படி குதிக்குதுன்னு அவங்க கண்ணாலயே பாப்பாங்க, அப்புறம் வாதம் பண்ணவே மாட்டாங்க.

ரேஞ்ச்ல குறி தப்பினா பேப்பர்ல ஓட்டை தள்ளி விழும், அவ்வளவு தான். காட்டுல தப்பினா வயித்துலயோ கால்லயோ அடி வாங்கின மான் புதருக்குள்ள போய் மணிக்கணக்கா துடிச்சு சாகும், பல நேரம் நமக்கு கிடைக்கவும் கிடைக்காது. அதனால தான் இத இவ்வளவு அழுத்தி சொல்றேன். மானுக்கு முன்னங்கால் பின்னாடி, நெஞ்சுப் பகுதில நுரையீரலும் இதயமும் இருக்குற இடம் சுமார் 8 இன்ச் அகல வட்டம். அந்த வட்டத்துக்குள்ள நல்லா விரியுற குண்டு ஒண்ணு போச்சுன்னா .243 போதும், வட்டத்துக்கு வெளிய போச்சுன்னா மேக்னமும் உதவாது.

சரி எந்த கேலிபர்னு கேட்டா என் பதில், உங்க பக்கத்து கடைகள்ல வருஷம் முழுக்க தோட்டா கிடைக்குற கேலிபர், அதுலயும் பெட்டி பெட்டியா வாங்கி பழக உங்க பைக்கு கட்டுப்படியாகுற கேலிபர். பெரும்பாலும் அது .308 ஆ தான் இருக்கும், 1952-ல வந்தது, எல்லா கம்பெனியும் தோட்டா போடுறாங்க. 150 கிரெய்ன் (குண்டோட எடைய சொல்ற அளவு) குண்டோட 200 கஜத்துல குறி செட் பண்ணிட்டா 100 கஜத்துல சுமார் 2 இன்ச் தான் மேல போகும், அதாவது 200 கஜம் வரைக்கும் தூரத்த கணக்குப் பண்ணாம நெஞ்சுக்கு நேரா பிடிச்சு சுடலாம், புதுசா வர்றவங்க அதுக்கு மேல சுடவே கூடாதுங்குறது என் கருத்து. உடம்பு ஒல்லியா இருக்கவங்க, வயசுப் பசங்க, உதைக்கு பயப்படுறவங்க 1955-ல வந்த .243 எடுக்கலாம், ஆனா தோட்டாப் பெட்டிய பாத்து வாங்கணும், 55, 58 கிரெய்ன்னு வர்றது சின்ன மிருகங்களுக்கு, மேலயே சிதறிடும், மானுக்கு 95 இல்ல 100 கிரெய்ன் தான். 6.5 கிரீட்மோர் பேர கேட்டாலே சில பழைய ஆளுங்களுக்கு பிடிக்கிறதில்ல, 2007-ல வந்த புதுசுன்னு, ஆனா உதையும் கம்மி, குறியும் நல்லா நிக்கும், அது உங்க ஊர்ல சுலபமா கிடைச்சா தாராளமா எடுங்க. 7மிமீ-08 எனக்கு ரொம்ப பிடிச்சது, ஆனா சில இடத்துல தோட்டா தேடி அலையணும். வீட்டுல அப்பாவோ மாமாவோ வச்சிருந்த .30-06 சும்மா கிடந்தா அத எடுத்து பழகுங்க, 1906-ல இருந்து மான் அடிக்கிற கேலிபர் அது, உதை கொஞ்சம் கூட தான்.

எது வாங்கினாலும் மானுக்கு விரியுற சாஃப்ட் பாயின்ட் மாதிரி குண்டு தான், ராணுவ மாடல் முழு உறை குண்டு ஊசி மாதிரி துளைச்சிட்டு போய்டும், பல இடத்துல வேட்டைக்கு அத தடை பண்ணியும் வச்சிருக்காங்க.

காச எங்க மிச்சம் பிடிக்கலாம்னா ரைஃபிள்ல தான். கட்டுரைல விலை கம்மினா குறி நிக்காதுன்னு எழுதியிருக்காரு, அது ஒரு காலத்துல சரி. சாவேஜ் கம்பெனி 1958-ல 110 மாடல் போட்டப்பவே பேரல ஒரு நட்டு போட்டு இறுக்குற முறைய கொண்டு வந்து செலவ குறைச்சுட்டாங்க, அப்புறம் 2002-ல அக்யூட்ரிகர்னு ஒண்ணு விட்டாங்க, நாமளே ட்ரிகர் எடைய மாத்திக்கலாம், அதுக்கப்புறம் மத்த கம்பெனியும் ட்ரிகர்ல கவனம் வச்சே ஆக வேண்டியதாச்சு. இன்னிக்கு சாவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன், மாஸ்பெர்க் பேட்ரியட் மாதிரி அடிமட்ட விலை போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்களே (ஒவ்வொரு தடவையும் கையால போல்ட்ட இழுத்து தோட்டா ஏத்துறது) 100 கஜத்துல ஒன்றரை இன்ச்சுக்குள்ள மூணு குண்ட போடும். ஒன்றரை இன்ச்னா 200 கஜத்துல 3 இன்ச், நமக்கு இருக்குற வட்டம் 8 இன்ச். போல்ட் கரகரன்னு இழுக்கும், மேகஸின் பிளாஸ்டிக்கா இருக்கும், பாக்க அழகா இருக்காது, அதெல்லாம் மானுக்கு தெரியாது.

மிச்சமான காச ஸ்கோப்லயும் தோட்டாலயும் போடுங்க. ரைஃபிளோட சேத்து குடுக்குற ஸ்கோப் பலது சாயங்கால வெளிச்சத்துல மங்கிடும், மான் நடமாடுறதே அந்த நேரத்துல தான். பெரிய பெரிய ஜூம் வேண்டாம், 3-9 பவர், அதாவது 3 மடங்குல இருந்து 9 மடங்கு வரைக்கும் பெரிசா காட்டுறது, தாராளம். ஸ்கோப்ப பிடிக்கிற மவுன்ட் ஸ்க்ரூவ சரியா டைட் பண்ணாம வர்ற குழப்பத்துக்கு தான் பாதி பேர் ரைஃபிள திட்டுறாங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க பேரல் உள்ள துருவும் குழியும் இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க, பேரல் முனை அடிபட்டிருந்தா விட்டுடுங்க, பேரல்ல எந்த கேலிபர் பொறிச்சிருக்கோ அந்த தோட்டா மட்டும் தான் போடணும். ரெமிங்டன் 700 நல்ல ரைஃபிள் தான், ஆனா 2006-ல இருந்து 2014 வரைக்கும் வந்த எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர கம்பெனியே 2014-ல திரும்ப கூப்பிட்டாங்க, விரல் படாமலே வெடிக்கிற ஆபத்து இருந்ததால, அதனால அந்த வருஷத்து துப்பாக்கியா இருந்தா ட்ரிகர் மாத்தியாச்சான்னு கேட்டுட்டு வாங்குங்க.

கடைசியா ஆசிரியர் கிட்ட ஒரு வேண்டுகோள். அந்த கட்டுரைல சட்டத்தப் பத்தி ஒரு வரி கூட இல்ல. இங்கிலாந்துல செம்மான் மாதிரி பெரிய மானுக்கு .240-க்கு குறைஞ்ச கேலிபர் கூடாது, குண்டுக்கு 1,700 அடி-பவுண்டு சக்தி இருக்கணும். அமெரிக்காவுல ஒஹையோல துப்பாக்கி சீசன்ல ரைஃபிள்னா நேர் சுவர் தோட்டாவுக்கு (கழுத்து குறுகாம நேரா இருக்குறது) தான் அனுமதி, நான் இவ்வளவு நேரம் சொன்ன .308-ம் .243-ம் அங்க ஆகாது, .350 லெஜன்ட் மாதிரி தான் பாக்கணும். கலிஃபோர்னியால 2019 ஜூலைல இருந்து ஈயம் இல்லாத குண்டு மட்டும் தான். ஒருத்தர் கட்டுரைய நம்பி வாங்கிட்டு போய் காட்டிலாகா ஆள் கிட்ட மாட்டக்கூடாது இல்லையா, அதனால அடுத்த சீசனுக்கு முன்னாடி நம்ம வாசகர்கள் அதிகமா இருக்குற இடங்களோட விதிமுறைய ஒரு பக்கத்துக்கு போடுங்க, கூடவே ஒரு .22 ரைஃபிள வச்சு கம்மி செலவுல எப்படி பழகுறதுன்னும் யாரையாவது எழுத சொல்லுங்க. ஆள் கிடைக்கலன்னா நான் எழுதித் தரேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்