பாகு கடைசியில்தான்

தம்பி,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை மூணு தரம் கேட்டேன். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு ஒன்பது பேரைக் கூப்பிட்டுவிட்டு, ஏழு பவுண்டு ஹாமையும் வாங்கி ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு, அப்புறம் "தாத்தா இதை எப்படிம்மா செய்வாங்க?" என்று கேட்கிறாய். ஃபோனில் சொன்னால் நான் பாதியை விட்டுவிடுவேன், நீ மீதிப் பாதியைக் காதில் வாங்க மாட்டாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், அடுப்பில் உங்கப்பாவுக்குப் பால் வேறு இருக்கிறது.

முதலில் அந்த உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார். 'ஃபுல்லி குக்டு' என்று இருந்தால் அது உப்பில் ஊறி, வெந்து வந்த பன்றித் தொடை, நீ செய்யப்போவது சூடாக்கிப் பாகு பூசுவது மட்டும்தான். உள்ளே 140 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால் போதும். 'குக் பிஃபோர் ஈட்டிங்' என்று இருந்தால் கதை வேறு, அதை 145 வரைக்கும் வேகவைத்து இறக்கி, மூணு நிமிஷமாவது விட்டுவிட்டுத்தான் கத்தி வைக்கணும். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள், பத்துப் பதினைந்து டாலரைப் பார்க்காதே. தாத்தா மெல்லிய இரும்புக் கம்பியை உள்ளே குத்தி எடுத்து உதட்டில் வைத்துப் பார்ப்பார், அவர் உதடு அவருக்குத் தெரியும், உனக்கு வேண்டாம். வெட்டும்போது உள்ளே ரோஸ் நிறமாக இருக்கிறதே, வேகவில்லையோ என்று பயப்படாதே. அது ஊறப்போடும் உப்போடு சேர்க்கிற நைட்ரைட்டால் வரும் நிறம், வெந்தாலும் போகாது. தாத்தா காலத்தில் வெடியுப்பு ஒரு சிட்டிகை போடுவார்கள், அதை எங்கள் கையில் கொடுத்ததே இல்லை.

தாத்தாவுக்கு இதெல்லாம் மாஞ்சோலை எஸ்டேட்டில் வந்த படிப்பு. துரை பங்களாவில் சமையல்காரர், எல்லாரும் பட்லர் என்றுதான் கூப்பிடுவார்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு விட்ட மலை அது. 2028 வரைக்கும் குத்தகை இருந்தும் 2024-லேயே வேலையை நிறுத்திவிட்டார்கள், அங்கே பிறந்து வளர்ந்த சனத்தில் நிறையப் பேர் கீழே இறங்கிவிட்டார்கள். சரி, அதை எழுத ஆரம்பித்தால் ஹாம் ஆறிப்போகும். மலையில் குளிர் இருந்தது, தொடையை உப்புத் தண்ணீரில் நாள் கணக்காக வைக்க முடிந்தது. கீழே பாளையங்கோட்டைக்கு வந்தபிறகு அது நடக்குமா? இந்த வெயிலில் ரெண்டாம் நாளே நாறிவிடும். ஃப்ரிட்ஜ் வாங்கினபிறகுதான் மறுபடியும் ஆரம்பித்தார், அதுவும் வெண்பன்றிப் பண்ணையில் முன்கூட்டியே சொல்லிவைத்து.

ஆச்சி அதைத் தொடவே மாட்டாள். ஹாம் வேகவைக்கிற அண்டா சமையலறைக்குள் வரக்கூடாது, அதன் இடம் புறவாசல் தொழுவத்துக்குப் பக்கம். அண்டாவுக்குள் கழுவிக் காயவைத்த ஆற்று மணலை நாலு விரல் உயரத்துக்குப் பரப்பி, மேலே ஒரு இரும்பு வளையம், அதன்மேல் தகரத் தட்டில் தொடை. மூடியைப் போட்டு மூடிமேலும் சிரட்டைத் தணல், அடியிலும் தணல். கேக்கை ரொட்டிக்கடை அடுப்பில் கொடுத்து வேகவைத்து வாங்குகிற ஊர்தான் இது, ஆனாலும் ஹாமை மட்டும் அங்கே அவர் கொண்டுபோனதே இல்லை. "எல்லாரும் ரொட்டி வாங்குற இடம்லா, அதுல போயி இத வைக்கலாமா" என்பார். உன் ஆபீஸ் சிநேகிதன் ஒருத்தன் பன்றிக்கறி சாப்பிட மாட்டான் என்று சொன்னாயே, அவனுக்குக் கோழியை முதல்நாளே செய்து தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்துவிடு. ஓவனில் ரெண்டையும் சேர்த்து வைக்காதே. கத்தியும் கரண்டியும் வேறு. அவன் கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு.

இனி செய்முறை. தோல் இருந்தால் உரித்துவிட்டுக் கொழுப்பை மட்டும் விட்டு வை. கொழுப்பில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடு, அச்சில் வெட்டின பர்பி மாதிரி கட்டம் கட்டமாக வரணும், கறிக்குள் கத்தி இறங்கக் கூடாது. ஒவ்வொரு கட்டத்து மூலையிலும் ஒரு கிராம்பு. ஏற்கெனவே சுருள் சுருளாக வெட்டி விற்கிற ஹாம் என்றால் இந்த வேலையே இல்லை, ஆனால் அது சீக்கிரம் வறண்டுபோகும், நேரமும் குறைவு, பவுண்டுக்குப் பத்திலிருந்து பதினெட்டு நிமிஷம்தான், வெட்டின பக்கத்தைக் கீழே வைத்து இறுக்கி மூடு. முழுசாக இருக்கிற வெந்த ஹாம் என்றால், தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஃபாயிலால் மூடி, 325 டிகிரியில் வை. எலும்போடு இருக்கிற பாதித் தொடைக்குப் பவுண்டுக்கு 18-லிருந்து 24 நிமிஷம் பிடிக்கும், உன் ஏழு பவுண்டுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல், மூணு மணிக்குள்.

பாகுக்கு, போன மாதம் கொடுத்துவிட்டேனே உடன்குடிக் கருப்பட்டி, அதில் கால் கிலோ போலத் தட்டி எடு. அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்டு, வடிகட்டாமல் விட்டால் பல்லில் மண் கடிபடும், வந்தவர்கள் அதைத்தான் ஊருக்குப் போய்ச் சொல்வார்கள். வடித்ததைக் கொதிக்கவிடு. ஒரு சொட்டு எடுத்து ஆறினதும் ரெண்டு விரலுக்கு நடுவில் வைத்துப் பார்த்தால் பிசுக்கென்று ஒட்டணும், கம்பிப் பதம் வரைக்கும் போகாதே. இறக்கி வைத்துக் கடுகுப் பொடி ஒரு ஸ்பூன், வினிகர் ரெண்டு ஸ்பூன், சுக்கு கொஞ்சம், இடித்த மிளகு. உப்பு போடாதே, ஒரு கல்கூடப் போடாதே. ஹாமே உப்புக்கட்டி. பெட்டிக்குள்ளேயே ஒரு சர்க்கரைப் பாகுப் பொட்டலம் கொடுத்திருப்பார்கள், அதைத் திறக்கவேண்டாம், வெறும் இனிப்புதான் இருக்கும். கருப்பட்டிக்கு ஒரு லேசான கசப்பும் புகைவாசமும் உண்டு, கொழுப்புக்கு அதுதான் சேரும்.

இந்தப் பாகைப் பூசுவது கடைசி அரைமணி நேரத்தில்தான். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கல்யாணமான வருஷம், தாத்தாவுக்கு முழங்கால் வலி, "இந்தத் தரம் நீயே வையி" என்றார். அதிகாலை ஆராதனைக்குப் போகிற அவசரத்தில் எதற்கு ரெண்டு வேலை என்று தொடை முழுக்க முதலிலேயே பாகைப் பூசி, மேலும் கீழும் தணலை வாரிப் போட்டுவிட்டுப் போய்விட்டேன். அன்றைக்குப் பார்த்துப் பிரசங்கம் நீளமோ நீளம். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே கருகின வாசம். யார் வீட்டிலோ அதிரசப் பாகைக் கோட்டை விட்டுவிட்டார்கள் போல என்று உங்கப்பாவிடம் சிரித்துக்கொண்டே வந்தேன். வாசலில் தாத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, கையில் தேங்காய் துருவி மட்டும் இருந்தது. அதை வைத்துத்தான் கரியைச் சுரண்டினோம். உள்ளே கறி நன்றாகவே இருந்தது. கருகின ஓரத்தை உங்கப்பா புது மாப்பிள்ளை மரியாதைக்குச் சாப்பிட்டு, அதிலிருந்து வருஷா வருஷம் ஓரம்தான் வேண்டும் என்று அடம்.

ஆகவே நீ ஃபாயிலை எடுத்து, ஓவனை 400 டிகிரிக்கு ஏற்றி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பிரஷால் பூசு, மூணு தரம் போதும். அந்த நேரத்தில் ஃபோனைத் தொடாதே. நிறம் கருப்பட்டி நிறத்திலேயே இருப்பதால் கருகுவது கண்ணுக்குத் தெரியாது, மூக்குதான் சொல்லும். இறக்கினதும் இருபது நிமிஷம் அப்படியே விடு. தட்டில் வடிந்த சாறு உப்புக் கடலாக இருக்கும், குழம்பு வைக்கிறேன் என்று அதையெல்லாம் ஊற்றிவிடாதே.

நான் கடைசியாக ஊறப்போட்டது 2023-ல். டிசம்பர் 17, 18 மழை நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டினதே, தாமிரபரணி ஊருக்குள் வந்து, கரண்ட் இல்லாமல் ஃப்ரிட்ஜில் இருந்தது அத்தனையும் போயிற்று. அந்தத் தொடையைப் புறவாசலில் குழி தோண்டிப் புதைத்தோம். பக்கத்து வீட்டில் துக்கமா என்று கேட்டார்கள். அதற்கப்புறம் மனசு வரவில்லை, போன வருஷம் மட்டன் பிரியாணிதான்.

மிஞ்சின கறியை மூணு நாலு நாளில் தீர்த்துவிடு. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுச் சுருள வதக்கினால் ரசஞ்சோற்றுக்கு எடுக்க எடுக்கப் போகும். எலும்பைத் தூரப் போட்டாய் என்று கேள்விப்பட்டால் அடுத்த பார்சலில் கருப்பட்டி வராது. துவரம்பருப்போடு போட்டு வேகவை, உப்பு கடைசியில் பார்த்து.

பாகு பூசும்போது வீடியோவில் கூப்பிடு, இங்கே நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை, கேரல் ரவுண்டு முடிந்த அசதியில் உங்கப்பா தூங்கிவிடுவார், நான் முழித்துத்தான் இருப்பேன். மீதிக் கருப்பட்டியை ஃப்ரிட்ஜில் வைக்காதே, வெளியே எடுத்ததும் வேர்த்துக் கசிந்துவிடும். பேப்பரில் சுற்றி டப்பாவில் போட்டு இறுக்கி மூடு.

அம்மா