ரேடியோ கடை அண்ணனுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

ஊத்தங்கரை மழையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். செய்தியில் எல்லோரும் பார்த்தீர்கள். வீட்டுக்குள் வந்த சேற்றை அள்ளிப் போட்டாயிற்று.

மாடியில் இடம் கொடுத்த எதிர்வீட்டு அத்தை, சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்த பள்ளிவாசல் தெருப் பையன்கள், தருமபுரியிலிருந்து போர்வையோடு வந்த கல்லூரித் தோழிகள், மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தவர்கள், எல்லோருக்கும் ஒரு கும்பிடு. ரேடியோ கடை அண்ணனைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

என் எலெக்ட்ரிக் மாண்டலின் சேற்றில் கிடந்தது. அரிசி மூட்டை நனைந்ததற்கு அழாதவள் இதற்கு அழுதாளே என்று அம்மாவுக்கு இன்னும் கோபம். தூக்கிக்கொண்டு அண்ணன் கடைக்குப் போனால், அங்கே ரிப்பேருக்கு வந்த டிவிகளெல்லாம் வாசலில் தண்ணீர் வடிய நின்றன. திரும்பிப் போய்விடப் பார்த்தேன். "கொண்டா பாப்பா" என்று அவரே கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இதென்ன, சின்ன கிடாரா?" பின்மூடியைக் கழற்றினார். சேற்றை நல்ல தண்ணீரில் துடைத்தெடுத்து, தந்தியின் ஒலியை மின்சாரமாக்கும் பிக்கப்பின் ஒயர்களை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். "வெயில்ல மட்டும் வச்சிடாதே, மரம் வளைஞ்சிடும்" என்று நிழலில் மாட்டிவைத்தார். அப்புறம் வால்யூம் கன்ட்ரோலை மாற்றி, ஒயரைப் புதிதாகப் பற்றவைத்துக் கொடுத்தார். காசு? "டிவியா இருந்தா வாங்கியிருப்பேன், போ."

மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்த மாண்டலின் ஸ்ரீனிவாஸ் யாரென்று அண்ணனுக்குத் தெரியாது. ஸ்ரீனிவாஸ் 2014 செப்டம்பரில் 45 வயதில் இறந்துபோனபோது நான் ஐந்தாவது படித்தேன். அன்றைக்கு டிவியில் போட்டார்களே, அதுதான் நான் கேட்ட முதல் வாசிப்பு. சாதாரண மாண்டலினில் மீட்டிய ஸ்வரம் சட்டென்று அடங்கிவிடும், ஸ்வரத்தை அசைத்து இழைக்கிற கமகத்துக்கு நிற்காது. அவர் இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, எலெக்ட்ரிக் மாண்டலினில் அந்த ஸ்வரத்தை நிற்க வைத்தார். அவருடைய குரு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. குரு பாடுவார், பையன் தந்தியில் பிடிப்பான். இதைப் படித்த பிறகுதான் கோயில் நாதஸ்வரக்காரத் தாத்தாவிடம் போய் நின்றேன். ஊரில் மாண்டலின் வாத்தியார் இல்லையே என்கிற புலம்பல் அத்தோடு போயிற்று. தாத்தா பாடுகிறார், நான் தேடுகிறேன். தோடி ராகம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

அண்ணன் பற்றவைத்த அந்த ஒயர் இல்லாவிட்டால் என் கையில் இருப்பது வெறும் கட்டை.

பொங்கலுக்கு மாரியம்மன் கோயில் முன்னால் வாசிக்கிறேன். மேலே சொன்ன அத்தனை பேரும் வர வேண்டும். அண்ணனை முன்வரிசையில் உட்காரச் சொன்னேன். முடியாதாம், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில்தான் உட்காருவாராம். மைக் செட்காரர் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை.