மீடியா சர்வருக்காக ஃபயர்வாலை அணைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டு மீடியா சர்வரை (நம் படங்களையும் பாட்டுகளையும் வைத்து மற்றக் கருவிகளுக்கு அனுப்பும் கணினி) வெளியிலிருந்து திறக்க முடியவில்லை என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சுற்றி வருகிறது: ரவுட்டரில் சர்வரை டிஎம்இசட்டில் போடுங்கள், கணினியின் ஃபயர்வாலை (வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் காவல்) அணைத்துப் பாருங்கள். நாளிதழ்களின் தொழில்நுட்பப் பக்கங்களாவது இந்த யோசனையைச் சொல்லாமல் இருக்க வேண்டும். டிஎம்இசட்டில் வைத்தால் அந்தக் கணினியின் எல்லாப் போர்ட்டுகளும் (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்கள்) இணையத்தின் பக்கம் திரும்பிவிடும். படம் பார்க்கத் தேவை ஒரே ஒரு போர்ட். ஃபயர்வாலும் அணைந்திருந்தால் கோப்புப் பகிர்வு, ரிமோட் டெஸ்க்டாப் எல்லாம் கூடவே வெளியே போய் நிற்கும். 2022இல் கடவுச்சொற்களைச் சேமித்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தின் தகவல்களைத் திருடியவர்கள் அதன் பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினி வழியாகப் புகுந்தார்கள். அவர்களுக்கு அங்கே வழிவிட்டது, புதுப்பிக்காமல் விடப்பட்டிருந்த பிளெக்ஸ் என்ற மீடியா சர்வர் மென்பொருள். அதற்கான திருத்தம் 2020லேயே வந்துவிட்டது.

பெரும்பாலும் சிக்கல் ஃபயர்வாலிலேயே இருப்பதில்லை. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் தெரியும் ‘வான் ஐபி’ (ரவுட்டரின் இணையப் பக்கத்து) முகவரியையும், ஐபி முகவரி காட்டும் ஏதாவது ஒரு தளம் சொல்லும் முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு வருவதை ரவுட்டர் உள்ளே ஒரு கணினிக்கு அனுப்புவது) பெரும்பாலும் வேலை செய்யும். ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி இருந்தால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. இதைத்தான் சிஜிநாட் என்கிறோம். அந்த நிலையில் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை; கதவு நம் வீட்டில் இல்லை. 192.168 என்று வந்தால், பெரும்பாலும் மோடமும் ஒரு ரவுட்டராக வேலை செய்கிறது; அதை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றினால் போதும். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாததால்தான் பலர் நாள்கணக்கில் அமைப்புகளை மாற்றி மாற்றி அலுத்துப்போகிறார்கள்.

பொது முகவரி இருப்பவர்களும் ஜெல்லிஃபின் என்ற மற்றொரு மீடியா சர்வர் மென்பொருளின் 8096, பிளெக்ஸின் 32400 ஆகிய போர்ட்டுகளை நேரடியாகத் திறக்க வேண்டியதில்லை. சர்வர் ஓடும் கணினியிலேயே வயர்கார்டை (குறியாக்கம் செய்த தனி வழி அமைக்கும் விபிஎன் மென்பொருள்) நிறுவி, யுடிபி 51820 போர்ட் ஒன்றை மட்டும் ரவுட்டரிலிருந்து அதற்கு அனுப்பலாம். ரவுட்டர் பக்கத்தில் டிசிபி என்ற வேறு அனுப்பும் முறை தேர்வாகியிருந்தால் யுடிபி ஆக்க மறக்கக் கூடாது. சர்வரின் உள்முகவரி மாறாதபடி டிஹெச்சிபி ரிசர்வேஷனும் வேண்டும். இல்லாவிட்டால் ரவுட்டரை அணைத்துப் போட்ட மறுநாள் எல்லாம் நின்றுபோகலாம். வயர்கார்டுக்குள் சர்வருக்கு 10.44.0.1, கைப்பேசிக்கு 10.44.0.2 என்று கொடுத்தால், உலகின் எந்த மூலையிலிருந்தும் 10.44.0.1 முகவரியில் 8096ஐத் திறந்து படம் பார்க்கலாம்.

கைப்பேசியின் ‘அலவ்டு ஐபிஸ்’ (வயர்கார்டு வழியே போக வேண்டிய முகவரிகள்) இடத்தில் 10.44.0.1/32 என்று மட்டும் எழுதுங்கள். வழிகாட்டிகளைப் பார்த்து 0.0.0.0/0 (எல்லா முகவரிகளும்) என்று போட்டுவிட்டு, வயர்கார்டை ஆன் செய்ததும் இணையமே போய்விட்டது என்று திகைப்பவர்கள் அதிகம். கைப்பேசியின் மொத்தப் போக்குவரத்தும் வீட்டுக்குப் போய், அங்கிருந்து வெளியேற வழி அமைக்கப்படாததால் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி (வயர்கார்டு ஆளை அடையாளம் காணும் ரகசியக் குறியீடு) வேண்டும். இரண்டு கைப்பேசிகளில் ஒரே சாவியைப் போட்டால் ஒன்று இணையும்போது மற்றது அறுந்துபோகும்.

சோதிக்கும்போது வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டுக்குள் இருந்துகொண்டே வீட்டின் பொது முகவரிக்குப் போகப் பல ரவுட்டர்கள் விடுவதில்லை. போர்ட் திறந்திருக்கிறதா என்று சொல்லும் தளங்களையும் நம்ப வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை டிசிபியைத்தான் தட்டிப் பார்க்கின்றன. வயர்கார்டோ சரியான சாவி இல்லாதவருக்குப் பதிலே சொல்லாது. அந்த மௌனம்தான் அதன் பாதுகாப்பு. பார்க்க வேண்டியது செயலியில் தெரியும் ‘லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்’ (இரு முனைகளும் ஒன்றையொன்று கடைசியாக உறுதிசெய்த நேரம்). அது வராமல், அனுப்பிய பைட்டுகள் மட்டும் ஏறி, பெற்றவை பூஜ்யத்திலேயே நின்றால், போர்ட் ஃபார்வர்டிங், சர்வரின் ஃபயர்வால், சாவி ஆகிய மூன்றில் ஒன்று பெரும்பாலும் தவறாக இருக்கும்.

ஹேண்ட்ஷேக் வருகிறது, லாகின் பக்கமும் வருகிறது. ஆனால் போஸ்டர்கள் பாதியில் நின்று, படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் அது எம்டியூ (ஒரு பாக்கெட்டில், அதாவது ஒரு தகவல் துண்டில், போகக்கூடிய அதிகபட்ச அளவு) பிரச்சினையாக இருக்கலாம். வயர்கார்டின் வழக்கமான அளவு 1420 பைட். மொபைல் நெட்வொர்க் போன்ற சில இணைப்புகளின் வரம்பு அதற்கு இடம் கொடுக்காத அளவுக்குக் குறைவாக இருக்கலாம் என்பதால், பெரிய பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் தொலைந்துபோகும். சிறியவை மட்டும் போய்ச் சேரும். இரு முனையிலும் 1280 என்று வைத்துப் பாருங்கள். ஆளை வீணாக அலைக்கழிக்கும் கோளாறு இதைவிட வேறில்லை.

சர்வரின் ஃபயர்வால் ஓடிக்கொண்டே இருக்கட்டும். யுடிபி 51820க்கு எங்கிருந்தும் அனுமதி. 8096க்கு வீட்டு நெட்வொர்க்கிலிருந்தும் 10.44.0.0/24 என்ற வயர்கார்டு முகவரி வரிசையிலிருந்தும் மட்டும் அனுமதி. விண்டோஸில் வீட்டு வைஃபை ‘பப்ளிக்’ என்று பதிவாகியிருந்தால் ‘பிரைவேட்’ ஆக மாற்றுங்கள். பலர் ஃபயர்வாலையே அணைப்பதற்கு இந்த ஒரு தவறுதான் காரணம். சர்வரை டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் ஓட்டும் கருவி) ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: டாக்கர் திறக்கும் போர்ட்டுகளை யுஎஃப்டபிள்யூ என்ற லினக்ஸ் ஃபயர்வாலின் விதிகள் தடுக்காது. தடுத்துவிட்டதாக நினைத்திருப்போம், போர்ட் திறந்தே கிடக்கும்.

சிஜிநாட்டில் இருப்பவர்கள் இணைய நிறுவனத்திடம் பொது முகவரி கேட்கலாம், அல்லது ரவுட்டரில் போர்ட் திறக்காமலே கருவிகளை இணைக்கும் டெயில்ஸ்கேல் சேவையைப் பயன்படுத்தலாம். அதில் இணைப்பு ‘டைரக்ட்’ என்று காட்டுகிறதா, ‘ரிலே’ (இடையில் வேறொரு சர்வர் வழியாக) என்று காட்டுகிறதா என்று பாருங்கள். ரிலே வழியாகப் பாட்டுக் கேட்கலாம், 4கே படம் ஓடுவது கடினம்.

வெளியே படம் திக்கினால் வீட்டின் அப்லோடு வேகத்தைத்தான் பார்க்க வேண்டும், டவுன்லோடை அல்ல. ஜெல்லிஃபின் தன் அமைப்பில் ‘லேன் நெட்வொர்க்’ பட்டியல் காலியாக இருந்தால் 10.44 முகவரியையும் வீட்டுக்குள் இருப்பதாகவே எண்ணிக்கொள்ளும். வெளியாருக்கு வைத்த பிட்ரேட் (ஒரு நொடிக்கு அனுப்பும் தகவல் அளவு) வரம்பு செல்லாது. பட்டியலில் வீட்டு 192.168 வரிசையை மட்டும் எழுதி, வெளி இணைப்புக்கு அனுமதி கொடுத்து, வரம்பை 8 எம்பிபிஎஸ் என்று வைத்தால் 1080பி படம் தெளிவாக ஓடும்.

இனி இப்படியொரு கேள்வி தங்கள் நாளிதழுக்கு வந்தால், ரவுட்டரின் வான் ஐபி எந்த எண்ணில் தொடங்குகிறது என்று முதலில் வாசகரிடம் கேட்டுவிட்டு, அதன் பிறகு பதில் எழுதுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்