சாரலுக்கு முன்னால் பின்பால் கைகளை ஒரு தடவை பாருங்கள்

செங்கோட்டைக் கடையிலிருந்து எல்லா வாடிக்கையாளர்களுக்கும் வணக்கம்.

குற்றால சீசன் நெருங்குகிறது. பகலில் அருவிக்குப் போகிற கூட்டம் மாலையில் லாட்ஜ் கேம் ரூமுக்குள்தான் நுழையும், அப்போதுதான் "பின்பால் கை தூக்கவே மாட்டேங்குது" என்று ஒரே நாளில் நாலு இடத்திலிருந்து போன் வரும். அதனால் இந்தத் தடவை முன்கூட்டியே எழுதுகிறோம். பின்பால் என்பது சாய்ந்த பலகையில் எஃகுக் குண்டை உருட்டி ஆடுகிற மெஷின், பட்டனை அழுத்தினால் எழுந்து குண்டை அடிக்கிற கைக்குத்தான் ஃபிளிப்பர் என்று பேர். மலைக்கு அந்தப் பக்கம் தென்மலை, புனலூரில் மெஷின் வைத்திருப்பவர்களும் படியுங்கள், உங்களுக்கு மழை இன்னும் அதிகம்.

முதல் வேண்டுகோள், ஃபிளிப்பர் சோர்ந்துபோனால் எண்ணெய் விடாதீர்கள். தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே, புனலூர்ப் பக்கம் சட்டென்று கைக்குக் கிடைக்கிற வெளிச்செண்ணெய் (தேங்காய் எண்ணெய்), எதுவுமே வேண்டாம். போன வருஷம் வந்த ஒரு மெஷினில் காயிலுக்குள் (கம்பிச் சுருளுக்குள்) மாட்டிக்கொண்ட பிளஞ்சரை, அதாவது கையை அசைக்கிற இரும்புத் தண்டை, தட்டித்தான் வெளியே எடுத்தோம். எண்ணெய் விட்ட அன்று நன்றாகத்தான் அடித்ததாம், இரண்டு வாரத்தில் எண்ணெயும் உள்ளே தேய்ந்து விழுந்த கரித்தூளும் சேர்ந்து பசையாக இறுகிவிட்டது. பிளஞ்சர் ஓடுகிற நைலான் ஸ்லீவ் (குழாய்) எண்ணெய் இல்லாமல் ஓடுவதற்காகவே செய்தது.

சுத்தம் செய்வது கஷ்டமில்லை. பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு குண்டை வெளியே எடுங்கள். இதை மறந்து பலகையைத் தூக்கினால் 80 கிராம் எஃகுக் குண்டு உருண்டுபோய் எதையாவது உடைத்துவிடும். பிளஞ்சரை உருவி, மொபைல் சர்வீஸ் கடையில் ஐபிஏ என்று கேட்டால் கொடுக்கிற ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடையுங்கள், முழுக்க உலரும்வரை கரண்ட் கொடுக்காதீர்கள், அது தீப்பிடிக்கும். பிளஞ்சர் நுனி உளித்தலை மாதிரி விரிந்திருந்தாலோ ஸ்லீவில் கோடு விழுந்திருந்தாலோ துடைத்துப் பிரயோஜனமில்லை, மாற்றிவிட வேண்டும்.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒரு சின்ன சுவிட்ச். ஃபிளிப்பர் காயிலில் இரண்டு சுற்று உண்டு. தடித்த கம்பிச் சுற்று குண்டை ஓங்கி அடிக்க, மெல்லிய கம்பிச் சுற்று நீங்கள் பட்டனை அழுத்தியிருக்கும்வரை கையைத் தூக்கி நிறுத்தி வைக்க. பழைய மெஷின்களில் கை மேலே போய் முடிந்ததும் ஈஓஎஸ் (எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக், வீச்சு முடியும் இடம்) என்கிற இந்த சுவிட்ச் திறந்து, மெல்லிய சுற்று வழியாகத்தான் கரண்ட் போகும்படி செய்துவிடும். அதன் பாயிண்ட் (கரண்ட் கடக்கத் தொடுகிற முனை) கருத்துப்போனால் தொடக்கத்திலிருந்தே மெல்லிய சுற்றுக்கு மட்டும் கரண்ட் போகும், கை நோஞ்சானாக எழும். திறக்கவே இல்லையென்றால் இன்னும் மோசம், தடித்த சுற்று சூடேறிக் கருகும், ரூமில் அந்த வாசனை வந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். கை மேலே நிற்கும்போது பாயிண்டுகளுக்கு நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். கருத்த பாயிண்டை, பழைய ஸ்கூட்டர் பாயிண்ட் தேய்க்கிற மெல்லிய அரத்தால் லேசாகத் தேய்க்கலாம். ஆனால் 1990-களிலிருந்து வந்த பல மெஷின்களில் அந்தப் பாயிண்டுக்குத் தங்க முலாம் இருக்கும், அரம் வைத்தால் முலாம் போய்விடும், சுத்தமான விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து இழுத்தாலே போதும்.

ரப்பர் வளையம் கருத்து வழவழத்திருந்தால் அதையும் துடையுங்கள், வெடித்திருந்தால் மாற்றுங்கள். கை பலகையில் உரசாமல் 1 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மேலே நிற்க வேண்டும்.

1947-ல் காட்லீப் கம்பெனியின் ஹம்ப்டி டம்ப்டி மெஷினில் ஆறு ஃபிளிப்பர் வைத்தார்கள். அதற்கு முன்னால் குண்டை விட்டுவிட்டு, மெஷினைத் தட்டி அசைப்பதைத் தவிர ஆடுகிறவருக்கு வேலையில்லை. உங்கள் மெஷினில் கை சோர்ந்து கிடந்தால் காசு போட்ட பிள்ளைக்கு அந்த நிலைமைதான், எங்களுக்கு அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இவ்வளவும் பார்த்தும் இரண்டு கையும் ஒன்றுபோலச் சோர்ந்தே இருந்தால் முதலில் ரூமில் வோல்டேஜ் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஒரு கை மட்டும் என்றால் எந்தப் பக்கம் என்று சொல்லி, காயில் மேல் ஒட்டியிருக்கும் பேப்பரில் உள்ள நம்பரை போட்டோ எடுத்து அனுப்புங்கள், அதற்கேற்ற சாமானோடு வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
செங்கோட்டைக் கடையிலிருந்து