தாலி கட்டுமுன் எழும்பிப் போனவன் எழுதுவது

தலவாக்கலை
14.09.2025

அன்பு மச்சான்,

நீ என்மேல் கோபமாக இருப்பதாக உன் தங்கச்சி சொன்னா. "முன்வரிசையில இடம் போட்டு வச்சேன், தாலி கட்டுறதுக்குள்ள சொல்லாமக் கொள்ளாம எழும்பிப் போயிட்டான்" என்றாயாம். சரிதான், போனேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பித்தால் நீ நடுவில் பகிடி விடுவாய், நானும் சிரித்துவிட்டு விஷயத்தை விட்டுவிடுவேன். வாட்ஸ்அப்பும் எனக்குத் தோதில்லை. வெள்ளைத் திரை கண்ணைக் கூசும். கறுப்பாக மாற்றினால் வெள்ளை எழுத்துகள் வரிவரியாகக் கண்ணுக்குள்ளேயே நின்றுகொள்ளும். அதனால்தான் பள்ளிக்கூடத்துப் பழைய பழுப்புத் தாளில் எழுதுகிறேன்.

உன் மகள் கலியாணத்தன்று மேடையின் இரண்டு பக்கமும் வீடியோக்காரரின் விளக்கு, பின்னால் எல்.இ.டி. திரை. மாப்பிள்ளை வந்து உட்கார்ந்ததும் பிளாஷ் மேல் பிளாஷ். உங்களுக்கு அது அடித்து ஓய்ந்துவிடும். எனக்கு ஒவ்வொன்றும் ஒரு பச்சை வட்டமாகத் தங்கிவிடுகிறது. உன் மகளின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து வட்டம்தான் மிதந்தது. வாந்தி வருகிற மாதிரி இருக்கவும் வெளியே ஓடினேன். பக்கத்துக் கடையின் பின்சுவரைப் பார்த்தபடி நின்றபோது கெட்டிமேளம் கேட்டது. கையில் அட்சதை. என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இது எங்கே தொடங்கியது என்று உனக்கு முழுக்கச் சொன்னதில்லை. 2019 இல் அப்பா போனபிறகு தூக்கம் வராமல் குளோனசிபாம் என்ற மாத்திரை எடுக்க ஆரம்பித்தேன், இரவுக்கு 1 மில்லிகிராம். நன்றாகத் தூங்கினேன், பொய் சொல்லக் கூடாது. பிறகு 2022 வந்தது. பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற அதே நாட்களில் நான் பார்மசி பார்மசியாக அலைந்தேன். ஒரு கடையிலும் கிடைக்கவில்லை. 'தூக்க மாத்திரைதானே, விட்டால் என்ன' என்று நானே பெரிய வைத்தியர் மாதிரி முடிவு செய்தேன். மூன்றாம் நாள் கை நடுக்கம். நான்காம் நாள் ஜன்னல் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. அப்புறம் அந்தப் புள்ளிகள்.

உங்கள் மாமா வீட்டு லயத்தில் கார் பெட்டரி போட்டு டிவி பார்த்தோமே, ஞாபகம் இருக்கா? ரூபவாஹினி நிகழ்ச்சி முடிந்து தேசிய கீதமும் போனபின் திரை முழுக்கப் பூச்சி பறக்கும், உன் மாமா வந்து காதைத் திருகும்வரை அதையும் விடாமல் பார்ப்போம். இப்போது எதைப் பார்த்தாலும் அதன்மேல் அந்தப் பூச்சி மெல்லிசாகப் பறக்கிறது. கண்ணை மூடினாலும் நிற்காது. காதிலோ ராத்திரி பகலாகச் சிள்வண்டு.

கண் கிளினிக்கில் சொட்டு மருந்து விட்டு எல்லாம் சோதித்துவிட்டு, கண்ணில் ஒன்றுமே இல்லை என்றார்கள். ஒன்றுமே இல்லை என்ற சொல்லை அப்படி வெறுத்தது அன்றுதான். பிறகு கண்டியில் ஒரு நரம்பு வைத்தியர்தான் உட்கார வைத்து விளக்கினார். இந்த மாத்திரை மூளையின் பிரேக்குக்கு உதவி செய்கிறது. வருடக்கணக்கில் உதவி கிடைத்ததும் மூளை தன் சொந்தப் பிரேக்கைத் தளர்த்திவிடும். திடீரென்று மாத்திரையை எடுத்தால் கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் போன லொறிதான். வலிப்புகூட வரலாமாம், எனக்கு வராதது என் நல்ல காலம். இந்தப் பூச்சி பறக்கிற சங்கதிக்கு 'விஷுவல் ஸ்னோ' என்று பெயர். அதற்கான அடையாளங்களை மருத்துவர்கள் ஒழுங்காக வரையறுத்ததே 2014 இல்தான். மாத்திரையே தொடாத ஆட்களுக்கும், சிலருக்குச் சின்ன வயதிலிருந்தேயும் இருக்குமாம். அதனால் எல்லாப் பழியையும் மாத்திரைமேல் போடவும் முடியாது என்றார்.

அவர் என்னை அதே குடும்பத்து மாத்திரையான டயசிபாமுக்கு மாற்றினார். அது உடம்பைவிட்டு மெதுவாகப் போகும் ஜாதி. 20 மில்லிகிராமில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு மில்லிகிராமாகக் குறைத்தோம், தாங்க முடியாதபோது அப்படியே நிறுத்தி வைத்தோம். கடைசிக் காலத்தில் 2 மில்லிகிராம் வில்லையைச் சவரப் பிளேடால் நாலாக வெட்டுவேன். ஒரு துண்டு எப்போதும் மாவாகிவிடும், விரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வேன். 2023 கார்த்திகையில் முடிந்தது. நடுக்கம் போனது, தூக்கம் திரும்பியது. கண் மட்டும் பாதிதான் திரும்பியிருக்கிறது.

இடையில் நான் செய்த பெரிய பிழை கறுப்புக் கண்ணாடி. வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, எட்டு மாதம் இருட்டில் இருந்தேன். உன் தங்கச்சி தடவித் தடவிச் சமைத்தாள், பாவம். இருட்டுக்குக் கண் பழகிவிட்டால் சாதாரண வெளிச்சமே வெயிலாகிவிடும் என்பது பிறகுதான் புரிந்தது. கம்பளியை ஒரேயடியாகக் கழற்றவில்லை, வாரத்துக்கு ஒரு சாண் மடித்தேன். கறுப்புக் கண்ணாடி இப்போது நேர் வெயிலுக்கு மட்டும். வீட்டுக்குள் ரோஸ் சாயம் போட்ட ஒரு கண்ணாடி. பழைய டியூப் லைட்டைக் கழற்றிவிட்டேன். அது நம் மின்சாரத்தில் வினாடிக்கு 100 தடவை மினுங்கும். உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரிகிறது.

பள்ளிக்கூடத்தில் புது வெண்பலகையை வேண்டாம் என்று சொல்லிப் பழைய கரும்பலகையையே கேட்டு வாங்கிக்கொண்டேன். சுண்ணக்கட்டித் தூசி பெரிதல்ல. ரயில்தான் இன்னும் கஷ்டம். சிங்கமலைச் சுரங்கத்திலிருந்து வெளியே வரும் அந்த நொடிக்கு முன்பே கண்ணை மூடிக்கொள்கிறேன்.

ஒரு விசித்திரம் சொல்லவா? பனிமூட்டம் கண்ணுக்கு இதம் என்றுதானே நினைப்பாய்? எனக்கு அதுதான் எதிரி. மலை மறைந்து எங்கும் வெள்ளையானால், அத்தனை பூச்சியும் பறக்க ஒரு பெரிய திரை கிடைத்த மாதிரி. மூட்டம் விலகித் தேயிலை தெரிந்ததும் பூச்சி அடங்கிவிடும். கரும்பச்சையும், இலைக்கு இலை மாறும் நிழலும் புள்ளிகளை விழுங்கிவிடுகின்றன. கொழுந்து பறித்து முடித்த மலை இன்னும் நல்லது. காலையில் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபடி அரை மணி நேரம் அதைத்தான் பார்ப்பேன். ஐம்பது வருடமாகப் பார்த்த மலை, இப்போதுதான் ஒழுங்காகப் பார்க்கிறேன் போல.

இப்போது முக்கியமான விஷயம். நீயும் அந்த ஜாதி மாத்திரை ஒன்று போடுவதாகவும், கலியாணச் செலவெல்லாம் முடிந்ததால் இனி அதைத் தூக்கி எறியப்போவதாகவும் தங்கச்சி சொன்னா. எறியாதே மச்சான். விட வேண்டும்தான், ஆனால் ஒரே நாளில் விடாதே. கொடுத்த வைத்தியரிடம் கிளினிக் கொப்பியோடு போய், மெதுவாகக் குறைக்க வேண்டும் என்று சொல். அவர் அவசரப்படுத்தினால் இன்னொருவரிடம் போ. வெட்கமாக இருந்தால் நான் கூட வருகிறேன், தொப்பி போட்டுக்கொண்டு.

பொண்ணு மாப்பிள்ளை மறுவீடு எல்லாம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் கூட்டிக்கொண்டு வா. வீடியோ வேண்டாம், ஆல்பம் போதும். அந்த அட்சதையை உன் தங்கச்சி துவைக்குமுன் எடுத்து ஒரு பழைய மாத்திரைப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறாள். மஞ்சள் கொஞ்சம் வெளுத்துவிட்டது. அவர்களை இஸ்தோப்பில் நிறுத்திப் போட்டுவிடுகிறேன்.

உன் பழைய பெஞ்சுக்காரன்