பேருந்து நிலைய வாகன நிறுத்துமிடத்தில் வண்டி இடித்தாலும் மடங்கி நிமிரும் அறிவிப்புக் கம்பங்கள் அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
வெல்டிங் பட்டறை உரிமையாளர்,
பேருந்து நிலையத் தென்புறத் தெரு.

பெறுநர்
உயர்திரு நகராட்சி ஆணையாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நகராட்சி வாகன நிறுத்துமிடத்தில் அறிவிப்புக் கம்பங்கள் அடிக்கடி வண்டி இடித்து விழுவது – தடித்த பைப்புக்கான மதிப்பீட்டை நிறுத்தி வைத்து, மாற்று அமைப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வாகன நிறுத்துமிடத்துக்கு எதிரே இருபத்திரண்டு ஆண்டுகளாக வெல்டிங் பட்டறை நடத்தி வருகிறேன். அங்குள்ள அறிவிப்புப் பலகைக் கம்பங்களைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. அவை விழுகிறபோதெல்லாம் நிமிர்த்திக் கொடுத்தவன் நான்தான். மொத்தம் பதினொரு கம்பங்கள். நிறுத்துமிடம் திறந்த மூன்று ஆண்டுகளில் அவற்றில் ஒன்பது என் கைக்கு வந்துவிட்டன. 'வெளியே செல்லும் வழி' கம்பம் மட்டும் நாலு முறை. இந்த மனுவில் கேட்டிருப்பது நடந்தால் அந்த வருமானம் எனக்கு நின்றுபோகும். வீட்டில் படித்துக் காட்டியபோது, "சொந்தக் காசில் சூனியமா?" என்று கேட்டார்கள்.

வருமானம் போனாலும் எழுத வேண்டியதாகிவிட்டது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன ஐப்பசியில் மாற்றுத்திறனாளிகள் நிறுத்துமிடக் கம்பத்தை ஒரு வண்டி இடித்து மடக்கிவிட்டது. "புதுசு அப்புறம் வைப்போம், இப்போதைக்கு அறுத்து விடுங்க" என்றார்கள் நகராட்சி ஆட்கள். அறுத்தேன். தரையோடு அறுக்க மெஷின் வாகாக நிற்கவில்லை, மூன்று விரல்கடை உயரத்துக்குப் பைப் முளை மிஞ்சியது. அடுத்த வாரம் பெய்த மழையில் தண்ணீர் தேங்கி முளை மறைந்துவிட்டது. பூக்கூடையோடு குறுக்கே வந்த ஒரு அம்மாவின் கால் அதில் பட்டு மூன்று தையல் போட வேண்டியிருந்தது. அந்த முளையை விட்டவன் நான். மறுநாளே போய்ப் பள்ளம் தோண்டி எடுத்துவிட்டேன், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

கம்பம் இல்லாமல் போனதால் இன்னொன்றும் நடந்தது. தரையில் சக்கர நாற்காலி படம் மஞ்சள் பெயின்டில் இருக்கத்தான் செய்கிறது. அதன் மேல் ஒரு கார் வந்து நின்றுவிட்டால் படம் யார் கண்ணுக்குத் தெரியும்? என் மச்சான் நாலு சக்கரமாக மாற்றிய ஸ்கூட்டரில் வருகிறவர். "இங்கே போர்டு எங்கேப்பா இருக்கு?" என்று கார்க்காரர் கேட்டால் அவரிடம் பதில் இல்லை. பேருந்து நிலையங்களில் வாகன நிறுத்துமிடம் உட்பட மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. நம் நிறுத்துமிடத்தில் அந்த வசதி ஒரே ஒரு பைப்பை நம்பி நின்றது.

இப்போது புதிய மதிப்பீடு தயாராவதாகக் கேள்விப்பட்டேன். பதினொரு கம்பத்தையும் தடித்த பைப்பாக மாற்றி, அடியில் கூடுதல் கான்கிரீட் போடப் போகிறார்களாம். ஐயா, தயவுசெய்து அதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். கம்பத்தைக் கெட்டியாக்கினால் தீருகிற பிரச்சினை இல்லை இது.

இடிக்கிறவர்கள் யாரும் வேண்டுமென்று இடிப்பதில்லை. விடிகாலை நாலு மணிக்குச் சந்தைக்கு வரும் குட்டி யானை வண்டிகளைப் பாருங்கள். பின்கண்ணாடி தெரியாமல் மூட்டை அடுக்கியிருக்கும். "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுக்கக்கூடப் பையன் இருக்க மாட்டான். சரக்கோடு சேர்த்து ஒன்றரை டன் இருக்கிற வண்டி, மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் ஓட்டமும் நடையுமாகப் போகிற வேகம்தான். அதில் இருக்கும் ஆற்றல் சுமார் 3,700 ஜூல். எங்கள் பாஷையில் சொன்னால், 50 கிலோ சிமென்ட் மூட்டையை இருபத்தைந்து அடி உயரத்திலிருந்து போட்ட மாதிரி. வேகம் பாதியாகக் குறைந்தால் இந்த அடி பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். அதே மூட்டை ஆறடியிலிருந்து விழுந்த கணக்கு. அதனால் உள்ளே வேகத்தடை போடுவதும் கம்பத்துக்குச் செய்கிற பாதுகாப்புதான்.

இப்போது நிற்பவை இரண்டு அங்குல பி கிளாஸ் (நடுத்தரக் கனம்) ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். வெளிவிட்டம் 60.3 மி.மீ., கனம் 3.6 மி.மீ. பம்பர் உயரத்தில், தரையிலிருந்து அரை மீட்டரில், ஏறக்குறைய அரை டன் தள்ளினாலே அடியில் மடங்கிவிடும். அதைவிடத் தடித்த சி கிளாஸ் போட்டால் கனம் 4.5 மி.மீ. ஆகிறது, ஆனால் வளையாமல் தாங்கும் பலம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். ஐநூறு கிலோ அறுநூறு ஆகும், அவ்வளவே. வருவது ஒன்றரை டன் வண்டி.

சரி, மடங்கவே மடங்காத பெரிய பைப்பாகப் போட்டால்? அடி அப்படியே அஸ்திவாரத்துக்கு இறங்கும். நீள அகல ஆழம் ஓரடி உள்ள கான்கிரீட் கட்டி எழுபது கிலோகூட இருக்காது. மழையில் ஊறிய மண்ணில் ஆடுகிற பல் மாதிரி பெயர்ந்து வரும். அதையும் பெரிதாக்கிவிட்டால் கடைசியில் வண்டிதான் நசுங்க வேண்டும். நான் சொன்ன அதே வண்டி 5 சென்டிமீட்டரில் நின்றால் சராசரியாக ஏழரை டன் விசை அதன் மேல் விழுகிறது. அரை மீட்டர் தூரத்துக்குக் கம்பம் விட்டுக்கொடுத்தால் அது முக்கால் டன்னாகிவிடும். முழு வித்தியாசமும் இந்த விட்டுக்கொடுப்பதில்தான் இருக்கிறது.

பழைய தெருக்களில் முனை வீட்டுச் சுவரோரம் ஒரு கருங்கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டுவண்டி திரும்பும்போது அச்சு சுவரைப் பெயர்த்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த கல் அது. தடுப்பது ஒன்றுதான் அதன் வேலை. அதில் யாரும் போர்டு மாட்டவில்லை. நாம் தடுக்கிற வேலையையும் சொல்கிற வேலையையும் ஒரே பைப்பிடம் கொடுத்துவிட்டு, அது இரண்டையும் செய்யவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். தடுக்க வேண்டிய இடம் நம் நிறுத்துமிடத்தில் இரண்டுதான்: கட்டணச் சீட்டு அறை, மின்பெட்டி. அங்கே நாலு அங்குலப் பைப்பை மூன்றடி ஆழத்தில் இறக்கி, உள்ளே கான்கிரீட் நிரப்பி, இடுப்பளவு உயரத்தில் நிறுத்துங்கள். அது அசையக் கூடாது. மற்ற கம்பங்கள் அசைந்தால்தான் நல்லது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 1960-களிலேயே நெடுஞ்சாலைக் கம்பங்களை இடித்தவுடன் அடியில் நழுவிக் கழன்று போகும்படி வடிவமைத்துவிட்டார்கள். இரண்டு தகடு, நடுவில் திறந்த பள்ளத்தில் போல்ட்டு. வேகமாக வரும் காரில் இருப்பவர் உயிர் பிழைக்க வேண்டும் என்பது நோக்கம். நமக்கு அதை அப்படியே எடுக்க முடியாது. நம் இடத்தில் வண்டி மெதுவாக வருகிறது, சுற்றிலும் ஆட்கள் நடக்கிறார்கள். கழன்ற பலகை யார் தலையிலாவது விழும். நமக்கு வேண்டியது மடங்கி நிமிர்கிற கம்பம்.

பெரிய ஊர்களில் சாலை நடுவே ஆரஞ்சு நிறத்தில் ரப்பர் குச்சிகள் மாதிரி நட்டிருக்கிறார்களே, வண்டி ஏறினால் படுத்து, போனதும் எழுந்துகொள்ளும், அந்த யோசனைதான். அவை உயரம் குறைந்தவை. நம் பலகையின் அடிவிளிம்பு ஏழடியாவது உயர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடப்பவர் நெற்றியில் இடிக்கும். அதனால் பைப் வேண்டும், பைப்புக்கு அடியில் ஸ்பிரிங் வேண்டும்.

எவ்வளவு கடினமான ஸ்பிரிங் என்பதில்தான் எனக்கு இரண்டு மாதம் போனது. காற்றுக்கே படுத்துவிடக் கூடாது. இரண்டடிக்கு ஒன்றரை அடிப் பலகையில் மணிக்கு 140 கிலோமீட்டர் காற்று மோதினால் ஏறக்குறைய 30 கிலோ தள்ளும். பலகை உயரத்தில் இருப்பதால் பம்பர் உயரத்துக்குக் கணக்குப் போட்டால் அது 140 கிலோவுக்குச் சமம். பைப் மடங்குவது ஐநூறில். ஆக, 150 கிலோ வரை விறைப்பாக நின்று, 300 கிலோவுக்குள் சாய்ந்துவிடுகிற ஸ்பிரிங் போதும். இந்த இடைவெளி தாராளமாகவே இருக்கிறது. கடலோர ஊருக்கு இந்தக் கணக்கு ஆகாது. சென்னைக்கெல்லாம் இந்திய தர நிர்ணயத்தில் அடிப்படைக் காற்று வேகமே நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். நம்முடையது உள்நாட்டு ஊர் என்பதால் தப்பித்தோம்.

முதலில் செலவைக் குறைக்கலாம் என்று அரிவாள் அடிக்கிறவர்கள் தேடி வாங்கும் லாரிப் பட்டையை (லாரியின் அடியில் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் தகடு) வெட்டிப் பைப்பில் பற்ற வைத்துப் பார்த்தேன். இரண்டாவது இடியிலேயே வெல்டிங் ஓரத்தில் படக்கென்று ஒடிந்தது. பட்டை இரும்பில் கரி அதிகம், சூடு பட்ட இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இத்தனை வருடம் தொழில் செய்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும், ஆசை கண்ணை மறைத்தது. தவிர, பட்டை ஒரு பக்கமாகத்தான் வளையும், வண்டியோ நாலு பக்கமும் வரும். இப்போது கனமான சுருள் ஸ்பிரிங்கை கிளாம்பும் போல்ட்டும் வைத்துப் பிடித்திருக்கிறேன், எங்கும் வெல்டிங் இல்லை. வெளியே ரப்பர் உறை, இல்லாவிட்டால் சுருளில் குழந்தைகள் விரலை விட்டு நசுக்கிக்கொள்ளும்.

ஸ்பிரிங்குக்குக் கீழே இன்னொரு மாற்றம் வேண்டும். கம்பத்தை நேரே கான்கிரீட்டில் புதைக்காமல், தரைமட்டத்தோடு மூன்று அங்குலப் பைப்பை சாக்கெட்டாகப் புதைத்து, கம்பத்தை அதற்குள் இறக்கி ஆப்பு அடித்துவிட வேண்டும். என்றைக்காவது பெரிய லாரி இடித்துக் கம்பமே போய்விட்டாலும் ஆப்பைத் தட்டி உருவிவிட்டுப் பத்து நிமிடத்தில் வேறு இறக்கலாம். முளை மிஞ்சாது. சாக்கெட்டின் அடி மூடியிருக்கக் கூடாது. கீழே ஜல்லி போட்டால் தண்ணீர் இறங்கிவிடும். இப்போதுள்ள கம்பங்கள் எல்லாமே தரையைத் தொடும் இடத்தில்தான் துருப்பிடித்திருக்கின்றன.

செலவில்லாத வேலையும் உண்டு. வடக்குச் சுவரோரம் இருக்கும் நாலு பலகைகளுக்குக் கம்பமே வேண்டாம், சுவரில் மாட்டிவிடலாம். மற்ற இடங்களில் சக்கரம் முட்டி நிற்க வீல் ஸ்டாப்பர் போட்டு, அதிலிருந்து நாலடி தள்ளி, இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள கோட்டின் நேரே கம்பத்தை நிறுத்த வேண்டும். சக்கரத்துக்கு வெளியே காரின் மூக்கு இரண்டரை, மூன்றடி நீட்டிக்கொண்டிருக்கும், பின்பக்கம் இன்னும் கொஞ்சம் கூடும். இப்போது கம்பங்கள் கட்டத்தின் நட்டநடுவில், சக்கரம் நிற்கும் இடத்திலிருந்து இரண்டடியில் நிற்கின்றன. இடிக்காமல் என்ன செய்யும்?

விழுந்த கம்பங்களுக்குப் பதிலாகப் பழைய டயரில் கான்கிரீட் ஊற்றிப் பைப் நட்ட பலகைகள் இரண்டு கொண்டுவந்து வைத்தார்கள். உண்மையில் அவை மோசமில்லை, இடித்தால் நகர்ந்துவிடும், எதுவும் உடையாது. ஆனால் உருட்டவும் முடிகிறதே. ஒன்று இப்போது ஒரு டீக்கடை வாசலில் 'வண்டி நிறுத்தாதீர்' என்று காவல் காக்கிறது.

ஆகவே தங்களை நான் கேட்டுக்கொள்வது: தடித்த பைப்புக்கான மதிப்பீட்டை ஆறு மாதம் நிறுத்தி வையுங்கள். அதிகம் இடிபடும் மூன்று இடங்களில், அதாவது வெளிவாயில், சந்தைப் பக்கத் திருப்பம், மாற்றுத்திறனாளிகள் நிறுத்துமிடம் ஆகியவற்றில், ஸ்பிரிங் கம்பம் வைத்து வடகிழக்குப் பருவமழை முடியும்வரை பாருங்கள். எத்தனை முறை இடிபட்டது, நிமிர்ந்ததா, பலகை திரும்பிக்கொண்டதா என்று கட்டணம் வாங்கும் தம்பி ஒரு நோட்டில் குறித்தால் போதும். பலகையின் அளவும் நிறமும் இந்திய சாலைக் காங்கிரசின் 67-ஆம் எண் விதித்தொகுப்பின்படியே இருக்கட்டும், அதில் நான் கைவைக்கவில்லை. மற்றவை எப்போது ஆனாலும் சரி, மாற்றுத்திறனாளிகள் பலகையை மட்டும் இந்த வாரமே பக்கத்து விளக்குக் கம்பத்திலாவது கட்டச் சொல்லுங்கள்.

இந்த வேலைக்கு நான் ஒப்பந்தப்புள்ளி கொடுக்க மாட்டேன். என் அளவுகளை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். மாதிரிக் கம்பம் ஒன்றைப் பட்டறை வாசலில் நட்டு வைத்திருக்கிறேன். சந்தை வண்டிக்காரர்களிடம் சொல்லி இதுவரை முப்பத்தொரு முறை இடிக்க வைத்தாகிவிட்டது. பதினெட்டாவது இடியில் மேல் கிளாம்பு தளர்ந்து பலகை பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. இரட்டை நட்டு போட்ட பிறகு அந்தத் தொந்தரவு இல்லை. பொறியாளர் ஐயா அலுவலக ஜீப்பிலேயே வந்து இடித்துப் பார்க்கலாம். காலை பத்து மணிக்கு மேல் வந்தால் தெருவில் நெரிசல் இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வெல்டிங் பட்டறை உரிமையாளர்

இணைப்பு:
மாதிரிக் கம்பத்தின் அளவு வரைபடம் – 1 தாள்
விழுந்த கம்பங்களின் புகைப்படங்கள் – 9
ஒடிந்த லாரிப் பட்டைத் துண்டு – 1 (நேரில் ஒப்படைக்கப்படும்)